கோட்டையூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி வகுப்பு: நூறு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் நீட், ஜே.இ.இ. கோச்சிங் சென்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்கு ஒரு பேனர் தொங்குகிறது. ஆனால் படிப்பெல்லாம் முடித்து, கடை கண்ணி பார்த்து, தலை நரைத்த பிறகு "ஏன் சார், மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் எப்படி வருது?" என்று கேட்கத் தோன்றுகிறவனுக்குப் போக்கிடம் கிடையாது. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகத்தில் ராமானுஜன் பெயரிலேயே உயர்கணித மையம் இருக்கிறது. அங்கெல்லாம் வேலை பார்க்கிறவர்களும் பட்டம் வாங்குகிறவர்களும்தான் போக முடியும், அது நியாயமும்கூட. நம்மைப் போன்றவர்களுக்காகக் கோட்டையூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஞாயிறு சாயங்காலம் ஒரு வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. சில மாதங்களாகப் போய்வருகிறேன், நிறைய பேர் விசாரிக்கிறார்கள், அதனால் இது.

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரும், கணக்கு டீச்சர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) ஜமுக்காளம் விரித்திருக்கும், முட்டி வலிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வாசலில் இருக்கும் எவர்சில்வர் தூக்கில் போட்டுவிட வேண்டும், பெயர் எழுத வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. "பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது" என்று எழுந்து நின்று கேட்க ஐம்பது வயதில் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

சீட்டை எடுத்ததும் பேராசிரியர் பதில் சொல்ல மாட்டார். "இது பேசி வச்சதா, பாத்ததா, நிரூபிச்சதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். அதாவது மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடா, உலகத்தை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டதா, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தர்க்கத்தால் வந்ததா. நாலாவதாக "யாருக்கும் தெரியாதது" என்றும் ஒன்று வைத்திருக்கிறார், அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு குஷி. முதலில் இது எனக்கு வெறும் பாவலாவாகத் தெரிந்தது. போகப்போகத்தான், பள்ளிக்கூடத்தில் இந்த மூன்றையும் ஒரே குரலில் ஒரே கரும்பலகையில் எழுதிப் போட்டதால்தான் நமக்கு எதுவுமே ஏன் என்று விளங்காமல் போனது என்று தோன்ற ஆரம்பித்தது. யூடியூபில் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது, நானும் பார்க்காதவன் இல்லை. ஆனால் இப்படிப் பிரித்துச் சொல்கிறவர்கள் அபூர்வம்.

மைனஸ் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டது நான் இல்லை, ஒரு ஆச்சி. சீட்டு எழுதத் தெரிந்தும் வாயாலேயே கேட்டார்கள்: "கடனைக் கடனாலே பெருக்குனா சொத்தாகுமாம்ல, எந்த ஊரு நியாயம்மா இது?" வட்டிக்கடை வைத்த வம்சத்தில் வந்தவர்கள், அவர்களுக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும். கணக்கு டீச்சர் சிரிக்காமல் பதில் சொன்னார். "நீங்க சொல்றது சரிதான் ஆச்சி, கடனைக் கடனால் பெருக்கவே முடியாது. ஒரு எண்தான் கடன். இன்னொண்ணு, எத்தனை தடவை வந்துச்சு போச்சுங்கிற கணக்கு." இரண்டு லட்ச ரூபாய் புரோநோட்டு மூன்று உங்கள் தலைமேல் இருக்கிறது, மூன்றையும் கிழித்துப் போட்டாகிவிட்டது என்றால் நீங்கள் ஆறு லட்சம் மேலே வந்திருக்கிறீர்கள். ஆச்சி தலையாட்டினார்கள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் சாதாரண வகுப்பு. "இது மனசு ஒத்துக்கிறதுக்குச் சொன்னது, காரணம் இது இல்லை" என்று சொல்லிவிட்டுப் பலகையில் −3 × (2 + −2) என்று எழுதினார். அடைப்புக்குள் இருப்பது பூஜ்யம், ஆகவே மொத்தமும் பூஜ்யம். அதையே விரித்துப் பெருக்கினால் முதல் பாதி −6. மொத்தம் பூஜ்யமாக வேண்டும் என்றால் மறுபாதியான −3 × −2 என்பது 6 ஆக இருந்தே தீர வேண்டும், வேறு வழியே இல்லை. விரித்துப் பெருக்கும் விதி குறை எண்களுக்கும் செல்லுபடியாக வேண்டும் என்பது பேசி வைத்தது. அதை ஒப்புக்கொண்ட பிறகு 6 என்பது நிரூபித்தது. கி.பி. 628இல் கணித மேதை பிரம்மகுப்தர் இதே விதியைச் சொத்து, கடன் என்று சொல்லித்தான் எழுதி வைத்திருக்கிறார் என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதே மனிதர் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதியிருக்கிறார். அதை இன்றைய கணிதம் ஏற்பதில்லை, ஏனென்றால் எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், விடை 5 என்றாலும் 500 என்றாலும் பொருந்திவிடும்.

0.999... என்று முடிவில்லாமல் போனால் அது 1தானா என்ற கேள்வி மாதம் ஒருமுறையாவது தூக்கிலிருந்து வந்துவிடும். டீச்சரின் பதில் சுருக்கம்: இரண்டும் வேறு வேறு எண் என்றால் நடுவில் இன்னொரு எண் இருக்க வேண்டும், ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். யாரும் சொன்னதில்லை. சண்டை மட்டும் நிற்பதில்லை.

இந்த வகுப்பின் உச்சம் என்று நான் சொல்வது வட்டிக் கணக்கு. செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை இந்த வழியாகச் சொல்லாவிட்டால்தான் தப்பு. ஒரு லட்சம் ரூபாய், வருஷத்துக்கு நூற்றுக்கு நூறு வட்டி (கூட்டத்தில் ஒரு குரல்: "அது மீட்டர் வட்டி சார்!"). வருஷக் கடைசியில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2,00,000. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டால் 2,25,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 2,44,141. மாதாமாதம் சேர்த்தால் 2,61,304. சரி, தினமும் சேர்ப்போம்: 2,71,457. இங்கே டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கு ஒருமுறை, விநாடிக்கு ஒருமுறை என்று போனால் எவ்வளவு வரும், ஒரு கோடியைத் தொடுமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பைனான்ஸ்காரர் "அஞ்சு லட்சம் தாண்டிரும்" என்று அடித்துச் சொன்னார். தாண்டாது. எவ்வளவு பொடிப்பொடியாக நறுக்கினாலும் 2,71,828 ரூபாய்ச் சொச்சத்துக்கு மேல் ஒரு பைசா ஏறாது. நறுக்க நறுக்கக் கூடுதல் லாபம் சுருங்கிக்கொண்டே வருகிறது, ஒரு கூரையில் போய் முட்டி நிற்கிறது. சுவிஸ் கணித மேதை ஜேக்கப் பெர்னூலி 1683இல் வட்டிக் கணக்குப் போட்டுத்தான் இந்தக் கூரையைக் கண்டார். அதுதான் நாம் பிளஸ் டூவில் ஏன் எதற்கு என்று தெரியாமலே மனப்பாடம் செய்த e, 2.71828.

பைனான்ஸ்காரர் போன் கால்குலேட்டரில் தானே போட்டுப் பார்த்தார், திரும்பப் போட்டுப் பார்த்தார், பிறகு அமைதியாகிவிட்டார். தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்ற வருத்தம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

டீச்சர் அதோடு விடவில்லை. கையில் இருப்பது எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் வளர்கிற எதற்கும், தேய்கிற எதற்கும் இந்த எண் வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியரிடம் பலகையைக் கொடுத்தார். அவர் நேரே கீழடிக்குப் போனார். நம் மாவட்டம்தானே. கரித்துண்டில் இருக்கும் கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பன், 5,730 வருஷத்தில் பாதியாகும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று காலம் குறித்த மாதிரியில், மரம் உயிரோடு இருந்தபோது இருந்ததில் சுமார் 73 விழுக்காடு மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை அளந்து பின்னால் எண்ணிக்கொண்டு போவதுதான் காலக்கணிப்பு. வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டால் அகழாய்வு. பெர்னூலியின் கூரை நிரூபித்தது, 5,730 என்பது பார்த்தது. அணு ஒவ்வொன்றும் எப்போது உடையும் என்பது மட்டும் முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு சாயங்காலத்துக்கே கொடுத்த காசு தீர்ந்தது.

நகைக்கடைக்காரர் ஒருவர் வருவார், அவர் கேள்விகள் எல்லாம் தராசு பற்றியதாகவே இருக்கும். முத்திரை ஆய்வாளர் வந்து எடைக்கல்லைச் சரிபார்க்கிறார், அவர் கல்லை யார் சரிபார்ப்பது, அந்தக் கல்லை யார், இப்படியே போனால் கடைசியில் யார்? கடைசியில் பாரிஸ் பக்கத்தில் பூட்டி வைத்த ஒரு பிளாட்டின-இரிடியம் உருளை இருந்தது, 1889 முதல் அதுதான் கிலோகிராம். நூறு வருஷத்தில் அதற்கும் அதன் நகல்களுக்கும் 50 மைக்ரோகிராம் அளவில் வித்தியாசம் வந்துவிட்டது. யார் இளைத்தது, யார் பெருத்தது? சட்டப்படி அந்த உருளை எப்போதும் ஒரு கிலோதான், ஆகவே தப்பு உலகத்தின் மேல்! இதைக் கேட்டு நகைக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். 2019 மே 20 முதல் உருளைக்கு வேலை போய்விட்டது, பிளாங்க் மாறிலி என்கிற இயற்கையின் அடிப்படை அளவுக்கு ஒரு எண்ணை நிரந்தரமாகக் குறித்து, அதிலிருந்து கிலோவை வரவழைக்கிறார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு சிக்ரியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நல்ல குறுக்குக் கேள்வி போட்டார். ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்பதும் 1983இல் இப்படிப் பேசி வைத்ததுதானே, மீட்டரையே ஒளியை வைத்துத்தானே வரையறுக்கிறார்கள், அப்புறம் ஒளியை மிஞ்ச முடியாது என்பது எப்படி உலகத்தின் உண்மை ஆகும்? அன்றைக்குப் பேராசிரியர் பிரித்துச் சொன்ன விதம் அருமை. எண் பேசி வைத்தது, நாளைக்கே மீட்டரை மாற்றினால் எண் மாறும். ஆனால் நீங்கள் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒளி உங்களுக்கு ஒரே வேகத்தில்தான் தெரியும் என்பது பார்த்தது. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறதே, அதனால் ஒளியின் வேகத்தில் திசைக்குத் திசை வித்தியாசம் தெரியாதா என்று மைக்கல்சன், மார்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1887இல் அளந்து பார்த்தார்கள், எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் துகள் முடுக்கியில் புரோட்டான்களை ஒளியின் வேகத்தில் 99.999999 விழுக்காடு வரை தள்ளுகிறார்கள், மேலும் மேலும் சக்தியைக் கொட்டினாலும் வேகம் அந்த வரம்பைத் தாண்டுவதில்லை. மீட்டரை எப்படி மாற்றி வைத்தாலும் இந்த இரண்டும் மாறாது.

செய்முறை என்று தனியாக எதுவும் இல்லை, வீட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அதில் நன்றாக அமைந்தது ஊஞ்சல். மச்சு உத்தரத்திலிருந்து பத்தடிச் சங்கிலியில் தொங்கும் தேக்குப் பலகை. ஒரு சின்னப் பையனை உட்கார வைத்து லேசாக ஆட்டி, பத்து முறை போய்வர எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தோம், சுமார் 35 விநாடி. பிறகு எங்கள் கூட்டத்திலேயே கனமான ஆள் (பெயர் வேண்டாம், படித்தால் தெரிந்துகொள்வார்) உட்கார்ந்தார், உத்தரம் முனகியது, அதே 35 சுற்றியேதான். எடை கணக்கிலேயே வரவில்லை, சங்கிலி நீளம்தான் வருகிறது. பையன் நின்றுகொண்டு ஆடியதும் நேரம் குறைந்தது, ஏனென்றால் அவன் கனம் மேலே ஏறியதால் ஊஞ்சலின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிட்டது.

கனமானவரைப் பூமி அதிகமாக இழுக்கிறது. அதே கனம் அவரை நகர்த்தவும் அதே அளவு கஷ்டப்படுத்துகிறது. இரண்டும் சரிக்குச் சரி. ஏன் சரியாக இருக்க வேண்டும்? நியூட்டன் காலத்தில் இது ஒரு ஒற்றுமை, அவ்வளவுதான். 1971இல் அப்பல்லோ 15இல் போன டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டார், ஒன்றாக விழுந்தன. மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோளின் 2022 முடிவு, பத்துக் கோடி கோடியில் சில பங்கு நுணுக்கம் வரை வித்தியாசம் இல்லை என்கிறது. ஐன்ஸ்டீன் இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்காமல் அதையே அஸ்திவாரமாக வைத்து 1915இல் புது ஈர்ப்புக் கொள்கையைக் கட்டினார்.

குறை சொல்ல வேண்டிய இடமும் இதுதான். கனமான பொருள் தன்னைச் சுற்றி இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது என்கிற அந்தப் புதுக் கொள்கையை விளக்கப் பேராசிரியர் எல்லோரும் செய்வதையே செய்தார், போர்வையை நாலு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் தேங்காயை வைத்து, கோலிக்குண்டை உருட்டிவிட்டார். குண்டு தேங்காயை நோக்கிப் போனது. "போர்வைப் பள்ளத்தில் குண்டு இறங்குதுன்னா கீழே இருந்து பூமி இழுக்குதுல்ல சார், அதுக்கு எந்தப் போர்வை?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி, அது ஒரு உவமைதான்" என்று நகர்ந்துவிட்டார். பேசி வைத்ததா பார்த்ததா என்று நம்மைக் குடைகிற மனிதர், தன் உவமை எங்கே கிழிகிறது என்பதை அவராகச் சொல்லியிருக்க வேண்டாமா? அடுத்த வாரம் டீச்சர்தான் சரிக்கட்டினார். தேங்காய் கீழே விழுவதில் பெரிய பங்கு இடம் வளைவதற்கு இல்லை, காலத்துக்கு. பூமிக்குக் கிட்டே கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, மேலே வேகமாக ஓடுகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் கடிகாரங்கள், தம் வேகத்தால் இழப்பது போக, நாளுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி முந்தும், அதைத் திருத்தாவிட்டால் மேப் தப்பும் தவறுமாக வழி சொல்லும். போர்வையில் காலம் எங்கே இருக்கிறது? பொதுவாகவே இயற்பியல் பகுதியைவிடக் கணக்குப் பகுதி இறுக்கமாக இருக்கிறது. ஆற்றல் என்றால் என்ன என்பதற்கும் பேராசிரியர், ஜெர்மன் கணித மேதை எமி நோத்தரின் 1918ஆம் வருஷத் தேற்றம் என்று நாலு வரி சொல்லிவிட்டுக் காப்பிக்கு எழுந்துவிட்டார், அதற்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்கலாம்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல். பக்கம் எல்லாம், மூலை எல்லாம் சமமாக இருக்கும் வடிவங்களில் ஒரே வடிவத்தை வைத்துப் பாவுவதானால், முக்கோணம், சதுரம், அறுகோணம் இந்த மூன்றால் மட்டும் ஏன் தரையை இடைவெளி இல்லாமல் பாவ முடியும், ஐங்கோணத்தால் ஏன் முடியாது என்பதை அங்கேயே குந்தி உட்கார்ந்து காட்டினார் டீச்சர். ஐங்கோணத்தின் மூலை 108 பாகை, மூன்றைச் சேர்த்தால் 324, மிச்சம் 36 பாகையில் சந்து விழுந்துவிடும். அதன் பிறகு சொன்னதுதான் விசேஷம். ஒரே வடிவக் கல்லால் தரை முழுக்கப் பாவ வேண்டும், ஆனால் கோலம் எப்போதும் அச்சாகத் திரும்பி வரவே கூடாது, அப்படி ஒரு கல் உண்டா என்று கணித மேதைகள் பல பத்தாண்டுகள் தேடினார்கள். கண்டுபிடித்தவர் டேவிட் ஸ்மித் என்ற இங்கிலாந்துக்காரர், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர், கணிதப் பட்டம் இல்லாதவர், பொழுதுபோக்காகக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவர். பதிமூன்று பக்கம் உள்ள ஒரு தொப்பி மாதிரி வடிவம். கணித வல்லுநர்கள் மூவரோடு சேர்ந்து 2023இல் நிரூபணத்தோடு வெளியிட்டார். ஆத்தங்குடியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார், கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் சிமென்ட் ஊற்றும் அந்த முறையில் பதிமூன்று பக்கக் கல்லை ஓரம் உடையாமல் எடுக்க முடியுமா என்று டீச்சரோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். செய்தால் முதல் ஆர்டர் என்னுடையது.

இனி நடைமுறை. கட்டணம் ஒரு ஆளுக்கு நூறு ரூபாய், காப்பியும் வெள்ளைப் பணியாரமும் அதில் அடக்கம். பணியாரம் சூடாக வந்தால் பிரமாதம், மிளகாய்த் துவையல் கொஞ்சம் கை மிஞ்சிப்போகிறது. ஐந்து மணி என்று போட்டிருப்பார்கள், ஐந்தரைக்கு முன்னால் தொடங்கி நான் பார்த்ததில்லை. மைக் கிடையாது, முற்றத்தில் மழை பெய்தால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. ஆறரைக்கு மேல் கொசு. வீடியோ எடுக்கக் கூடாது என்கிறார்கள், அது நல்லதுதான், கூச்சமில்லாமல் கேட்க முடிகிறது. ஆனால் பலகையில் போட்ட கணக்கை மட்டுமாவது படம் எடுத்துக் குழுவில் போடலாம், கேட்டாகிவிட்டது, இன்னும் நடக்கவில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று போர்வைக்காகப் போனது.

பிள்ளைகளின் மார்க்குக்கு உதவும் என்று நினைத்துப் போகாதீர்கள். போன மாதம் ஒரு அப்பா பிளஸ் ஒன் படிக்கும் மகளைக் கூட்டிவந்து, பாடத்திட்டத்தில் எந்தெந்தப் பாடம் முடிப்பீர்கள் என்று கேட்டார். எதையும் முடிப்பதில்லை என்றார் டீச்சர். அவர் உடனே காசைத் திருப்பிக் கேட்க, மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். பணியாரத்துக்குக்கூடக் காசு பிடிக்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் தூக்கில் சீட்டைப் போட்டிருந்தாள்: முடிவிலியில் பெரிசு, சின்னது உண்டா என்று. அடுத்த ஞாயிறு அதைத்தான் எடுக்கப்போகிறார்களாம், ஜெர்மன் கணித மேதை கேன்டரின் 1891 நிரூபணத்தோடு.